எம் அளவா, எல் அளவா? 172 செ.மீ. உயரத்துக்கு மலைச் சைக்கிள் பிரேம்

நொய்யல்மிதி

வணக்கம். முதல் மலைச் சைக்கிள் வாங்கப்போகிறேன். பின்பக்கச் சஸ்பென்ஷன் வேண்டாம். முன் ஃபோர்க்கில் மட்டும் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். கோவையில் இருக்கிறேன். பெரும்பாலும் ஆனைகட்டிப் பக்கத்துச் செம்மண் தடங்களில் ஓட்டுவேன். வாய்க்கும்போது கோத்தகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் வழிகளுக்கும் போவேன். உயரம் 172 செ.மீ., கால் உள்ளளவு 79 செ.மீ.

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். நிறுவனப் பெயர்களைச் சொல்லவில்லை. சொன்னால் எந்த நிறுவனம் உசத்தி என்று பேச்சு திரும்பிவிடும். அளவுகள் மில்லிமீட்டரில்:

அ வண்டி, எம்: சீட் டியூப் (சீட் தண்டு நுழையும் குழாய்) 457, ரீச் 425, ஸ்டாக் 615, டாப் டியூப் 613. சீட் டியூப் கோணம் 73 டிகிரி, ஹெட் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) 68 டிகிரி, ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிரேமோடு இணைக்கும் துண்டு) 70.

அ வண்டி, எல்: சீட் டியூப் 508, ரீச் 445, ஸ்டாக் 625, டாப் டியூப் 636. மற்றவை அப்படியே.

ஆ வண்டி, எம்: சீட் டியூப் 420, ரீச் 450, ஸ்டாக் 628, டாப் டியூப் 607. சீட் டியூப் கோணம் 76, ஹெட் கோணம் 65.5, ஸ்டெம் 45.

அ வண்டியின் அட்டவணைப்படி எம் என்பது 163 முதல் 173 வரை, எல் என்பது 171 முதல் 182 வரை. நான் இரண்டிலும் வருகிறேன். கடையில் "170 தாண்டினாலே எல்தான்" என்கிறார்கள். அங்கே எல் மட்டும்தான் கையிருப்பில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலக நண்பர் எம் எடுக்கச் சொல்கிறார்.

இன்னொரு குழப்பம். ஆ வண்டியை எல்லோரும் "நீளமான வண்டி" என்கிறார்கள். ஆனால் அதன் டாப் டியூப் 607. அ வண்டியின் எம் அளவிலேயே 613 இருக்கிறது. அப்படியானால் எது நீளம்?

சங்கிலி எண்ணெய்

தம்பி, கையிருப்பில் இருப்பதுதான் உன் அளவு என்று சொல்லும் கடை எல்லா ஊரிலும் உண்டு. நானும் பட்டறை வைத்திருப்பவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 79 எப்படி வந்தது? பேன்ட் அளவிலிருந்து எடுத்திருந்தால் அது உதவாது. பேன்ட் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடு. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழு. புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், சாயக்கூடாது. மேல்விளிம்பைப் பென்சிலால் குறித்துத் தரையிலிருந்து அள.

அந்த அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.226 ஆல் பெருக்கினால் மலைச் சைக்கிளின் பிரேம் அளவு அங்குலத்தில் வரும் என்பது பழைய சூத்திரம். 79க்கு 17.85 வருகிறது, 18 அங்குலம் என்று வைத்துக்கொள். 457 மி.மீ. என்பது அதே 18 அங்குலம்தான். ஆக என் கணக்கில் நீ எம்.

அளவுகோல்

@சங்கிலி எண்ணெய், மதிப்போடு மறுக்கிறேன். அந்த 0.226 வந்த காலத்தில் சீட் டியூபின் நீளம் தெரிந்தால் வண்டியே தெரிந்த மாதிரி. இன்று அப்படி இல்லை. ஆ வண்டியின் எம் அளவுக்குச் சீட் டியூப் 420, அதாவது 16.5 அங்குலம். உங்கள் சூத்திரத்தின்படி அது நொய்யல்மிதிக்குச் சின்ன வண்டி. ரீச்சைப் பார்த்தால் இந்த மூன்றிலும் அதுதான் பெரிய வண்டி!

ரீச், ஸ்டாக் இரண்டும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து, பிரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்விளிம்பு வரை அளப்பவை. கிடையாக அளந்தால் ரீச், செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். இரண்டிலும் சீட்டுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதில்லை. பாதம் பெடலில், கை ஹேண்டில்பாரில், உடம்பு நடுவில் தொங்குகிறது. அந்த நிலையில் வண்டி எவ்வளவு இடம் தருகிறது என்பதை ரீச்சும் ஸ்டாக்கும்தான் சொல்லும்.

டாப் டியூப் குழப்பத்துக்கு வருகிறேன். அட்டவணையில் இருப்பது குழாயின் உண்மையான நீளம் அல்ல. ஹெட் டியூபின் உச்சியிலிருந்து பின்னோக்கிக் கிடையாக ஒரு கோடு இழுத்தால் அது சீட் போஸ்டைத் தொடும் இடம் வரை உள்ள தூரம். சீட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதால், மேலே போகப் போக அந்தத் தொடும் இடமும் பின்னால் போகும். அ வண்டியில் 73 டிகிரிச் சாய்வு. 615 உயரம் ஏறும்போது 188 பின்னால் போய்விடுகிறது. 425ஐயும் 188ஐயும் கூட்டினால் 613. ஆ வண்டி 76 டிகிரி, அதாவது இன்னும் நிமிர்ந்தது. 628 உயரத்தில் 157 மட்டுமே பின்னால் போகிறது. 450ஐயும் 157ஐயும் கூட்டினால் 607.

உட்கார்ந்தால் ஆ குட்டை, நின்றால் ஆ நீளம். உங்கள் நண்பர்கள் சொல்வது நிற்கும்போதுள்ள நீளத்தை.

நொய்யல்மிதி

இப்போது புரிகிறது, நன்றி. சங்கிலி எண்ணெய் அண்ணா, 79 புத்தகம் வைத்து அளந்ததுதான். பேன்ட் அளவு 30 அங்குலம், அதாவது 76.

அப்படியென்றால் ரீச் 450 எனக்கு அதிகமா?

உபின் தீவு

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். புலாவ் உபினில் உள்ள கேத்தம் மலைச் சைக்கிள் பூங்காதான் எனக்கு வாராந்தர மைதானம். அளவுகோல் சொன்னதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். ரீச் பிரேமில் முடிந்துவிடுகிறது. உங்கள் கை அங்கே முடிவதில்லை. நடுவில் ஸ்டெம் இருக்கிறது.

அ எம்: 425 + 70 = 495.
ஆ எம்: 450 + 45 = 495.

பார்த்தீர்களா? நின்றால் இரண்டிலும் உங்கள் கை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். ஸ்டெம் சற்று மேல்நோக்கிச் சாய்வதைக் கணக்கில் எடுத்தாலும் ஓரிரு மி.மீ.தான் மாறும். ஆகவே "450 அதிகமா?" என்ற கேள்விக்கு, இந்த ஸ்டெம்மோடு என்றால் இல்லை.

உட்கார்ந்த நிலையில்தான் இடைவெளி பெரிது. அ எம் 613 + 70 = 683; ஆ எம் 607 + 45 = 652. ஆ வண்டியில் முப்பது மி.மீ. அளவுக்கு நிமிர்ந்து உட்காருவீர்கள்.

கை ஒரே இடத்தில் இருந்தாலும் முன்சக்கரம் ஒரே இடத்தில் இல்லை. ஆ வண்டியில் ரீச்சும் நீளம், ஹெட் கோணமும் சாய்வு என்பதால் சக்கரம் கையைவிட்டு வெகுதூரம் முன்னால் நிற்கிறது. செங்குத்து இறக்கத்தில் பாறையில் சக்கரம் முட்டினாலும் அது உங்களைத் தூக்கி முன்னால் எறிவது கடினம். அதற்கு விலை உண்டு. மெதுவான, நெருக்கமான வளைவில் உடம்பை வேண்டுமென்றே முன்னால் கொண்டுபோய்ச் சக்கரத்தை அழுத்தினால்தான் அது பிடிக்கும். சோம்பலாகப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு நீளமான வண்டி வழுக்கும்.

இந்த "நீள பிரேம், குட்டை ஸ்டெம்" யோசனை புதிதல்ல. 1990களின் இறுதியில் மலைச் சைக்கிள் முன்னோடி கேரி ஃபிஷர் இதைத் தொடங்கிவைத்தார். பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. 2012 வாக்கில் ஸ்பெயினின் மொண்ட்ரேக்கர் நிறுவனம் ரீச்சை ஒரேயடியாக நீட்டி 10 மி.மீ. ஸ்டெம்மோடு வண்டி விட்டபோது சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அந்தப் பக்கமே நகர்ந்துவிட்டார்கள், ஸ்டெம் மட்டும் 35 முதல் 50 வரை என்று நின்றது. என் கருத்து: கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்துவிட்டார்கள்.

டான் பள்ளத்தாக்கு

டொராண்டோவிலிருந்து. மேலே எல்லோரும் அ வண்டியின் எல் அளவை மறந்துவிட்டீர்களே! அதில் 70 ஸ்டெம்மைக் கழற்றி 50 போடுங்கள். 445 + 50 = 495. கை அதே இடம், வண்டி நீளம், வேகத்தில் நிதானம். ஸ்டெம் மாற்றுவது அரை மணி வேலை. இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர் பெரியதை எடுத்துக் குறுக்குவதே மேல் என்பது என் கட்சி. சின்னதை எடுத்து நீள ஸ்டெம் போட்டால் ஸ்டீயரிங் மந்தமாகும், எடையும் சக்கரத்தின் மேலே போய் உட்காரும்.

சங்கிலி எண்ணெய்

டொராண்டோ தம்பி, அந்த எல் அளவின் சீட் டியூபைப் பார்த்தீர்களா? 508. இருபது அங்குலம். சீட்டை எங்கே இறக்குவார்?

அளவுகோல்

இந்த இடத்தில் அண்ணன் கட்சிதான் நான். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

அமெரிக்கச் சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய பழைய கணக்கு ஒன்று உண்டு: கால் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் கிடைக்கும். 79க்கு 698 மி.மீ. துல்லியம் இல்லை என்றாலும் தொடங்குவதற்குப் போதும்.

டிராப்பர் போஸ்ட், அதாவது ஓட்டிக்கொண்டே ஹேண்டில்பார் பொத்தானை அழுத்திச் சீட்டைத் தாழ்த்தும் சீட் தண்டு, போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோத்தகிரி இறக்கத்துக்கு அது இல்லாமல் போகவேண்டாம். பிரேம் அளவைப் பற்றி யோசிக்கும் விதத்தையே மாற்றியது அந்தப் பொத்தான்தான். டிராப்பர் முழுவதும் உயர்ந்து நிற்கும்போது பிரேமுக்கு வெளியே தெரிவது: அதன் இறங்கும் தூரம், கழுத்தும் தலையும் சேர்த்துச் சுமார் 45, அதற்குமேல் சீட்டின் தடிமன் இன்னொரு 45.

அ எல்: 698 – 508 = 190. இதிலிருந்து 90ஐக் கழித்தால் 100 மி.மீ. டிராப்பர்தான் நுழையும், அதுவும் உரசிக்கொண்டு.
அ எம்: 698 – 457 = 241. 150 டிராப்பர் மயிரிழையில் நுழையும், 125 என்றால் கவலையில்லை.
ஆ எம்: 698 – 420 = 278. 175 தாராளமாக.

ஆகவே இன்று சீட் டியூபின் நீளம் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று தேடும் அளவு அல்ல. "இதற்கு மேல் போகக்கூடாது" என்ற வரம்பு மட்டுமே. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் சில மலைச் சைக்கிள்களில் எஸ், எம், எல் என்பதையே விட்டுவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை என்று எண் போட்டதற்கும் இதுதான் காரணம். சீட் டியூபைக் குட்டையாக வைத்துவிட்டு, ரீச்சைப் பார்த்து உங்கள் ஓட்டும் பாணிக்கு ஏற்ற அளவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. டிராப்பர் உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதும் முக்கியம். சில பிரேம்களில் சீட் டியூப் நடுவில் வளையும், அல்லது பாட்டில் தாங்கியின் திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.

டான் பள்ளத்தாக்கு

சரி, 508 எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. அ எல் வாபஸ். ஆனால் பெரியதை எடு என்ற கொள்கை வாபஸ் இல்லை. ஆ எம் அந்தக் கொள்கையின் குழந்தைதான்.

தாழ்படி157

நான் 157 செ.மீ. பேச்சு முழுக்க எம்மிலும் எல்லிலும் நிற்பதால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு எஸ்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், பெண்கள் என்றால் இன்னும் சீக்கிரமாக. அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

29 அங்குலச் சக்கரம் போட்ட எஸ் பிரேமில் முன்பக்கம் எப்படியும் உயர்ந்துவிடும். வண்டியின் இருபுறமும் காலை ஊன்றி நின்றால் டாப் டியூபுக்கு மேல் குறைந்தது இரண்டு மூன்று செ.மீ. காலியாக இருக்க வேண்டும். சமதரையில் ஒரு செ.மீ. இருந்தால் சரிவில் காலை ஊன்றும்போது ஒன்றுமே இருக்காது. ட்ரெக்கின் மார்லின் போன்ற சில வண்டிகளில் சிறிய அளவுகளுக்கு 27.5 சக்கரமும் பெரியவற்றுக்கு 29ம் வருவது இதனால்தான்.

பிரேமோடு கதை முடியவில்லை. 170 கிராங்க் எங்களுக்கு நீளம். 165 கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். ஹேண்டில்பார் 780 அகலத்தில் வரும். கையை அவ்வளவு அகட்டினால் தோள் முன்னால் இழுபடும், ரீச் கூடியது போலவே ஆகிவிடும். இருபுறமும் சமமாக அறுத்து 740 வாக்கில் கொண்டுவந்தால் வண்டி ஒரு அளவு சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அறுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

நொய்யல்மிதி, உங்கள் கை நீளம் என்ன? இரு கையையும் விரித்து அளந்தால் அது உயரத்தைவிடக் கூடுதலா, குறைவா? நடுவில் நிற்பவர்களுக்குத் தராசு சாய்வது அங்கேதான்.

நொய்யல்மிதி

அளந்தேன். 176 வருகிறது.

தாழ்படி157

அப்படியானால் நீளமான ரீச்சுக்குப் பயப்படாதீர்கள்.

பாலக்காட்டுக்கணவாய்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். பையனுக்குப் 11 வயது, 142 செ.மீ. வளரும் பிள்ளை என்பதால் 26 எடுத்துவிடலாமா? இணையக் கடையில் "அளவு 26" என்று மலிவாகக் கிடைக்கிறது.

சங்கிலி எண்ணெய்

வேண்டாம் ஐயா. முதலில், அந்த 26 சக்கரத்தின் அளவு, பிரேமின் அளவு அல்ல. நம் ஊரில் பாதிப் பேர் சக்கர அளவைத்தான் சைக்கிள் அளவு என்று கேட்கிறார்கள், கடைகளும் அதையே பெரிதாகப் போடுகின்றன. 26 சக்கரத்தில் 15 அங்குல பிரேமும் வரும், 20 அங்குல பிரேமும் வரும்.

142க்கு 24 சக்கரம் சரி; சுமார் 150 வரை ஓட்டுவான். வளர்த்தியை நினைத்துச் சட்டை தைப்பது போலச் சைக்கிளை வாங்காதீர்கள். பெரிய சட்டையால் யாரும் விழுவதில்லை. பிரேக் லீவர் விரலுக்கு எட்டாத பையன் இறக்கத்தில் என்ன செய்வான்?

உபின் தீவு

நொய்யல்மிதிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

ஒன்று, ரீச்சை ரீச்சோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அ எம் அளவின் ஸ்டாக் 13 மி.மீ. குறைவு. ஆ வண்டியின் உயரத்துக்கு ஹேண்டில்பாரைக் கொண்டுவர ஸ்டெம்முக்கு அடியில் வளையங்கள் போடுவீர்கள். ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருப்பதால், ஏற ஏறக் கையும் பின்னால் வரும். 13 ஏறினால் 5 போய்விடும். அந்த 425 நடைமுறையில் 420தான்.

இரண்டு, 76 டிகிரிச் சீட் கோணம் ஏற்றத்துக்கு அருமை. கோத்தகிரி ஏற்றத்தில் முன்சக்கரம் துள்ளாது. ஆனால் சமதரையில் நீண்ட நேரம் மிதித்தால் உடம்பு முன்னால் தள்ளப்பட்டு உள்ளங்கையில் எடை ஏறும். நீங்கள் அதிகமும் ஓட்டப்போவது ஆனைகட்டிச் செம்மண் என்றீர்கள். அதை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும், இந்த அட்டவணை சொல்லாது.

சங்கிலி எண்ணெய்

அதற்காகச் சீட்டை அதன் அடியிலுள்ள கம்பிகளில் முன்னேயும் பின்னேயும் தள்ளிக் கைக்கு எட்டவைக்கப் பார்க்காதே. சீட்டின் இடம் முழங்காலுக்கு உரியது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். கைக்கு வேண்டியதை ஸ்டெம்மில் செய்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதே. டயரில் காற்றையும் முன் ஃபோர்க்கின் காற்றையும் உன் எடைக்குச் சரிசெய்யச் சொல். ஃபோர்க் கல்லாக நின்றால் முன்பக்கம் உயர்ந்து, வண்டி குட்டையாகத் தெரியும். உட்கார்ந்து ஒரு மேடு ஏறு. பிறகு சீட்டைத் தாழ்த்திவிட்டு, பெடல்களைச் சமமாக வைத்து எழுந்து நில். முழங்கையை வெளியே மடக்கு. அந்த நிலையில் இடுப்பை முன்னும் பின்னும் கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று பார். கை விறைத்து நீட்டிக்கொண்டால் வண்டி பெரியது. திருப்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரைத் தொட வந்தால் சின்னது.

நொய்யல்மிதி

ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேறொரு கடையில் அ எம் அளவும், ஒரு நண்பருக்கு நண்பரிடம் ஆ எம் அளவும் கிடைத்தன.

அ எம் சாலையில் சுகமாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பழகிய வண்டி போல இருந்தது. மண் சரிவில் நின்று இறங்கும்போதுதான் முன்சக்கரம் காலடியிலேயே இருப்பது போலத் தோன்றி, தானாகவே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆ எம் முதலில் விநோதமாக இருந்தது. உட்கார்ந்தால் பெடல் நேர் கீழே, முதுகு நிமிர்ந்து. சமதரையில் உபின் தீவு சொன்னது போலவே உள்ளங்கையில் பாரம் தெரிந்தது. இறக்கத்தில் வேறு வண்டி. நடுவிலேயே நிற்க முடிந்தது, முழங்கையும் மடங்கியது. மெதுவான வளைவில் ஒரு முறை முன்சக்கரம் நழுவியது, உடம்பை முன்னால் கொண்டுபோனதும் பிடித்துக்கொண்டது.

ஆ எம் எடுக்கிறேன். பின்னாளில் ஃபோர்க்கை 140 ஆக்கினால் இந்த அளவுகள் மாறுமா?

அளவுகோல்

மாறும். முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் கோணமும் சீட் கோணமும் ஏறக்குறைய 1 டிகிரி பின்னால் சாயும். ரீச் 10 மி.மீ. அளவுக்குக் குறையும், ஸ்டாக் கூடும். உள்ளங்கைப் பாரம் குறையும் என்றாலும் ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகிவிடும். அதற்கு முன் அந்த பிரேமுக்கு நிறுவனம் 140 வரை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லையென்றால் ஹெட் டியூப் வெல்டிங்கில் விரிசல் விழலாம், உத்தரவாதமும் போய்விடும்.

பாரத்துக்கு முதலில் 20 அல்லது 30 மி.மீ. கூடுதலாக மேலே வளைந்த ஹேண்டில்பார் போட்டுப் பாருங்கள். மலிவு.

நொய்யல்மிதி

நல்லது. டிராப்பர் 175 வாங்க வேண்டும். விட்டம் 30.9 என்றும் 31.6 என்றும் இரண்டு வருகிறது. இணையத்தில் ஆ வண்டிக்கு இரண்டும் சொல்கிறார்கள்.

சங்கிலி எண்ணெய்

வண்டி வந்ததும் இருக்கிற சீட் போஸ்டை உருவிப் பார். குறைந்தபட்சம் செருகவேண்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே விட்டம் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதே. உருவும்போதே குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் நேராக இறங்குகிறது என்றும் அளந்து இங்கே போடு, 175 உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.